அவசரக்காரன் வேகம் குறைந்த வாரம்

கோபியெரோ ஏரிக்கரையில் படகுகள் ஒதுங்கும் இடத்திலிருந்து மேடேறினால் முதல் தகர வீடு வசோங்காவுடையது. வழி கேட்க வேண்டாம், காது இருந்தால் போதும். முற்றத்து அத்திமரத்தடியில், படகு எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாயில் மாட்டி அவன் முடுக்கிப் பார்க்கிற உறுமல் ஒரு பக்கம். வீட்டுக்குள்ளிருந்து, தகரத்தின் மேல் சோளத்தைக் கொட்டினாற்போல விடாமல் படபடக்கிற குரல் இன்னொரு பக்கம். அந்தக் குரலுக்கு எங்கள் கரையில் அவசரக்காரன் என்று பேர். அது பேசுவது சுவாஹிலிதான். ஆனால் சுவாஹிலி தெரிந்த யாருக்கும் அதில் ஒரு சொல் பிடிபடாது. அபொண்டிக்கு மட்டும் பிடிபடும்.

அபொண்டி வசோங்காவின் மனைவி. சிறுவயதில் வந்த தட்டம்மையில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அவளுடைய கம்ப்யூட்டரில் திரைவாசிப்பான் என்று ஒன்று உண்டு. திரையில் இருப்பதையெல்லாம் அது வாயால் சொல்லும். புதிதாகக் கேட்பவர்களுக்கு நிறுத்தி நிதானமாகச் சொல்லும்படி வைத்துக்கொள்ளலாம். பழகப் பழக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். அபொண்டி கூட்டிக்கூட்டி, கண்ணுள்ளவன் ஒரு வரி படிப்பதற்குள் அவள் ஒரு பக்கத்தைக் கேட்டு முடித்துவிடுகிற இடத்துக்கு வந்திருந்தாள்.

கரையோரத்து ஊர்களில் அவளைப் போல் இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியைப் பழக்கிவிடுவதும் அவள்தான். முக்கால்வாசி போனில்தான் நடக்கும். ஒரு கையில் போன், இன்னொரு கை மாவு கிண்டும். அந்த மாதம் அவளிடம் பழகிக்கொண்டிருந்தவர் கண் மங்கிப்போன ஒரு பள்ளி வாத்தியார்.

"வாத்தியார் ஐயா, பயப்படாதீங்க, அது கடிக்காது. இன்செர்ட்டையும் கண்ட்ரோலையும் சேத்துப் பிடிச்சுக்கோங்க. பிடிச்சாச்சா? இப்ப கீழ் அம்ப ஒவ்வொரு தடவையா தட்டுங்க. தட்டத் தட்ட மெதுவாப் பேசும். சரி. இப்ப இன்செர்ட்டப் பிடிச்சுக்கிட்டு ரெண்ட அழுத்துங்க. எழுத்தொலி வந்துருச்சா? இனிமே எந்தப் பொத்தானத் தொட்டாலும் அதோட பேரச் சொல்லும். வெட்கப்படாதீங்க ஐயா. எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிச்சோம்."

முற்றத்தில் ஸ்பேனர் சத்தம் இந்தப் பேச்சின் நடுவே நின்று நின்று கேட்கும். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுக்கு வேறொரு வேலையும் இருந்தது. அதைப் பற்றி வெளியே பேசமாட்டாள். மீன் வாங்கிக் கருவாடு போட்டு விற்கிற பெண்களிடம், மீன் வேண்டுமானால் உடம்பையும் கொடு என்று கேட்கிற படகுக்காரர்கள் இந்த ஏரிக்கரையில் உண்டு. உண்டு என்று எல்லாருக்கும் தெரியும், இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். கிசுமு டவுனிலிருந்து சில பெண்கள் வந்து, கரைக்குக் கரை உட்கார்ந்து, மீன்காரப் பெண்கள் சொன்னதையெல்லாம் குரலாகப் பிடித்துப் போனார்கள். அந்தக் குரல்களைக் கேட்டு எழுத்தாக்குவது அபொண்டியின் வேலை. யார், எந்தப் படகு, எந்த ஆள், எல்லாம் அதில் இருந்தது. முதலில் பெண்கள் பயந்தார்கள். அபொண்டியே அவர்களிடம் போய், "என் காத மிஞ்சி இன்னொரு காதுக்குப் போகாது. எனக்குச் சொன்னதா நெனச்சுச் சொல்லுங்க" என்றாள். அவளை நம்பித்தான் வாய் திறந்தார்கள். அவர்களுக்குத் தலைவியான கிசுமுக்காரி ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தாள். அபொண்டி பக்கத்தில் இல்லாமல் வேறு கை அந்தப் பெட்டியைத் தொட்டது தெரிந்தால் பெட்டி திரும்பிவர வேண்டும், வேலையும் அத்தோடு முடிந்தது.

காதில் செருகிக் கேட்கிற வயர் எலி கடித்து அறுந்துபோயிருந்ததால், அந்த மழை மாதத்தில் அவள் வெளிக்குரலிலேயே வைத்து வேலை செய்தாள். அதனால் என்ன, அந்த வேகத்தைவிடப் பெரிய பூட்டு எது? திரையின் வெளிச்சத்தையும் அடியோடு குறைத்துக் கரியாக வைத்திருப்பாள். மின்சாரம் வந்து வந்து போகிற காலத்தில் அவளுக்கு எதற்கு வெளிச்சச் செலவு?

அப்படியிருக்கையில்தான் ஒரு நாள், மழை விட்ட காலையில், பெட்டியைத் திறந்தவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

குரல் ஒரு மயிரிழை மெதுவாக வந்தது.

உங்களுக்கும் எனக்கும் அது தெரிந்திருக்காது மக்களே. எஞ்சினில் ஒரு திருகாணி தளர்ந்தால் மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான், வசோங்காவுக்கு மட்டும் தெரியும். அப்படித்தான் இதுவும். யாரோ வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு மறுபடி பழையபடி ஏற்றிவைத்திருக்கிறார்கள், ஏற்றினது ஒரு தட்டு குறைந்துவிட்டது. அபொண்டி எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தும் உரக்கக் கூவியது. எழுத்தொலி திறந்து கிடந்தது.

மெதுவாக்கியது, சொல்வதைப் புரிந்துகொள்ள. எழுத்தொலியைத் திறந்தது, அவள் எழுதுவதை ஒவ்வொன்றாகச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பொறுக்கிக்கொள்ள. அப்படித்தான் அவளுக்குப் பட்டது.

வீட்டில் இருப்பது மூன்று பேர். அவள், வசோங்கா, வசோங்காவின் அக்கா அச்சோலா. அச்சோலா கணவன் செத்த பிறகு இங்கேயே வந்து தங்கிவிட்டவள். காலையிலிருந்து இருட்டும்வரை முற்றத்தில் வலை விரித்து ஒமெனாப் பொடிமீனைக் காயப்போடுவாள், சலிப்பாள், கோழி விரட்டுவாள், இடையிடையே ஊரையும் சலிப்பாள். கம்ப்யூட்டரைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அது பேசும்போது சிலுவை போட்டுக்கொள்வாள்.

வசோங்கா கஞ்சி குடிக்க வந்தபோது அபொண்டி கேட்டாள்.

"என் பெட்டியத் தொட்டீங்களா?"

கஞ்சி உறிஞ்சுகிற சத்தம் நின்றது.

"நான் எதுக்குத் தொடப்போறேன்? கை பூரா கிரீஸு."

"கை கழுவிட்டும் தொடலாம்ல."

"அந்த அவசரக்காரன்கிட்ட எனக்கு என்ன பேச்சு இருக்கு? ஒரு எழவும் புரியாது."

"புரியாதுன்னு நானும் நெனச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

"என்ன சொல்ல வர்ற?"

"ஒண்ணும் சொல்ல வரல. கஞ்சியக் குடிங்க."

அவன் எழுந்து போகையில் கோப்பை கீழே விழுந்து உருண்டது. அவன் எடுக்கவில்லை. அபொண்டிதான் சத்தம் போன திசையில் குனிந்து எடுத்தாள்.

மறுநாள் சர்ச்சுக்குப் பெண்கள் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மறுபடியும் அதேதான். வேகம் ஒரு தட்டு குறைவு. எழுத்தொலி திறந்திருந்தது.

சந்தேகம் ஒன்று வந்துவிட்டால் அது தனியாக வராது, சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு வரும். கொஞ்ச நாளாகவே அவன் பொழுது சாயுமுன் வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுகிறான். முன்பெல்லாம் விளக்கு வைத்துக்கொண்டு எஞ்சின் பிரிப்பவன். இருட்டுகிற நேரத்தில் படகில் வந்து பார்க்கச் சொன்னால் முதுகுவலி என்கிறான். பக்கத்தில் வந்து நின்றுகொண்டு பேசாமல் இருக்கிறான், மூச்சு மட்டும் கேட்கிறது. அவள் நடந்தால் கூடவே திரும்புகிறான். வேவு பார்க்கிறவன் அப்படித்தானே நிற்பான்?

துணி துவைக்கும்போது அவன் சட்டைப்பையில் ஒரு சின்ன புட்டி அகப்பட்டது. விரல் நீளம்கூட இல்லை. மூடியைத் திருகி முகர்ந்தாள், வாசனை இல்லை. மேலே ஒட்டியிருந்த தாளைத் தடவினாள், தாள் என்ன சொல்லும்? யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது? அச்சோலாவிடம் கொடுத்தால் ஊருக்கே படித்துக்காட்டுவாள். பக்கத்து வீட்டில் கொடுத்தாலும் முதலில் புட்டியைப் பார்ப்பார்கள், பிறகு அவள் முகத்தைப் பார்ப்பார்கள். கண்ணில்லாதவள் ஒரு காகிதத்தைப் படித்துக்கொள்ள ஒரு ரகசியத்தை விற்க வேண்டியிருக்கிறது. மூடியைத் திருகி, எடுத்த பையிலேயே வைத்து, சட்டையைத் துவைக்காமல் மாட்டினாள்.

அச்சோலா ஒமெனா சலித்துக்கொண்டே வாய்விட்டாள். அபொண்டியை அவள் பிறந்த ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"அலேகோ மகளே, உன் புருஷன் செவ்வாக்கிழமை எங்க போனான்?"

"சாமான் வாங்க கிசுமுக்கு."

"சாமான் வாங்கப் போறவன் வெளுத்த சட்டை போட்டுட்டா போவான்? செருப்பத் தொடச்சுப் போட்டுட்டுப் போனான்டி. திரும்பி வந்தப்ப கையில ஒரு நட்டு போல்ட்டு இல்ல."

"கிடைக்காம இருந்திருக்கும் மதினி."

"கிடைச்சிருக்கும், வேற என்னமோ கிடைச்சிருக்கும். முந்தாநாள் என் மீன் தட்டு மேலேயே நடந்து போறான். நட்ட நடு முற்றத்துல இருக்குற தட்டு! 'குடிச்சிருக்கியாடா'ன்னேன். முறைக்கிறான். அதுவும் எங்கயோ பாத்து முறைக்கிறான். பொம்பள நெனப்புல இருக்குற ஆம்பள அப்படித்தான், கண்ணு இங்க இருக்கும், பார்வை அங்க இருக்கும்."

"உங்க தம்பிதானே, நீங்களே கேளுங்களேன்."

"நான் கேட்டா நாத்தனா கொடுமைம்பீங்க. எனக்கு எதுக்கு வம்பு?" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் உரக்கச் சலித்தாள்.

வியாழக்கிழமை அலூ வந்தாள். ஒக்வேனோவின் படகில் மீன் எடுக்கிறவள், இரண்டு குழந்தைக்காரி. வாசலிலேயே நின்றாள். ஏரிப்பூச்சி மேகமாகக் கிளம்பிய நேரம், வாயைத் துணியால் மூடிக்கொண்டு பேசினாள்.

"அபொண்டி, உண்மையச் சொல்லு. யார்கிட்டயாவது வாய விட்டியா?"

"உள்ள வா அலூ."

"உள்ள வரல. உன் புருஷன் இருக்கானா?"

"இல்ல. என்ன ஆச்சு?"

"இந்த வாரம் பூரா ஒக்வேனோ எனக்கு மீன் போடல. கூடைய வெச்சுக்கிட்டு நிக்கிறேன், என்னத் தாண்டிப் போறான். மூஞ்சியக்கூடப் பாக்கல. அவன் பேர நான் சொன்னது உனக்கும் அந்தக் கிசுமுக்காரிக்கும்தான் தெரியும்."

"நான் சொல்லல."

"நீ சொல்லல. உன் புருஷன் யாரோட எஞ்சினப் பாக்குறான்? ஒக்வேனோ எஞ்சின. ரெண்டு பேரும் ஒரே பீப்பாக்குப் பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிறவங்க."

அலூ வாசல்படியிலிருந்து இறங்கினாள்.

"உன்னக் கண்ணு தெரியாதவன்னு நம்பினோம் பாரு," என்றாள். "கூட இன்னொரு காதும் இருக்கும்னு நெனக்கல."

அந்தச் சொல் அபொண்டியைச் சாப்பிட விடவில்லை. சோளமாவில் உகாலியைக் கிண்டி வசோங்காவுக்கும் அச்சோலாவுக்கும் வைத்துவிட்டு, கீரைச் சட்டியைக் கழுவுகிற சாக்கில் வெளியே போய், அலேகோவில் இருக்கிற அண்ணன் ஒடேராவைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, சனிக்கிழமை வாங்க. என்னைக் கூட்டிட்டுப் போகணும். பெட்டியையும்."

"அடிச்சானா?"

"அடிச்சா நானே பாத்துக்குவேன். இது வேற. என் வார்த்தைய வித்துட்டாருன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா, தெரியுமா?"

"வாங்கண்ணே. வந்து நீங்களே கேளுங்க."

ஒடேரா சனிக்கிழமை மத்தியானம் மழைக்கோட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். மனைவியின் அண்ணன் சொல்லாமல் வந்தால் எங்கள் வீடுகளில் அடுப்பே சுருதி மாறிவிடும். அச்சோலா ஒரு வார்த்தை பேசாமல் பெரிய மீனாக எடுத்துச் செதில் உரிக்க ஆரம்பித்தாள். வசோங்கா கை கழுவிக்கொண்டு வந்தான். மைத்துனன் நீட்டிய கையை அவன் கை உடனே பிடிக்கவில்லை. ஒரு கணம் காற்றில் தடவியது. ஒடேரா அதை வேண்டா வெறுப்பு என்று எடுத்துக்கொண்டு முகத்தைக் கடுப்பாக்கிக்கொண்டான்.

டீ வந்தது. மழையைப் பற்றிப் பேசினார்கள். அலேகோவில் சோளம் எப்படி என்று பேசினார்கள். பிறகு ஒடேரா கோப்பையைக் கீழே வைத்தான்.

"மச்சான், சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. என் தங்கச்சி பெட்டிய யாரோ நோண்டுறாங்க. நீங்களா?"

"இல்ல."

"அப்ப யாரு, கோழியா?"

"கோழியோ என்னவோ. எனக்குத் தெரியாது மச்சான்."

"அதுல ஊர்ப் பொம்பளைங்க மானம் இருக்கு. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஒக்வேனோவும் நீங்களும் கூட்டாளிங்களாமே?"

"அவன் எஞ்சின் கொண்டுவர்றான், நான் பாக்குறேன். அதுக்குப் பேரு கூட்டாளின்னா, கரையில எல்லாரும் எனக்குக் கூட்டாளிதான்."

அபொண்டி வசோங்காவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிற குரல்தான் அது. எங்கோ ஒரு பொய் இருந்தது, எங்கே என்று மட்டும் பிடிபடவில்லை.

அச்சோலாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கத்தியும் கையுமாக வாசலில் வந்து நின்றாள்.

"என் தம்பிதான், இருந்தாலும் நான் பொய் சொல்லமாட்டேன். சாமிக்குப் பதில் சொல்லணும். இவன்தான். நான் பாத்தேன்."

"அக்கா!"

"என்னடா அக்கா? புதன்கிழமை இவ சர்ச்சுக்குப் போனா. நீ கதவச் சாத்திக்கிட்ட. நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். பெட்டி முன்னால உக்காந்து ஒத்த விரலால கொத்திக்கிட்டு இருந்த. அதுவும் 'தா... தி...'ன்னு ஒவ்வொண்ணா உளறிக்கிட்டு இருந்துச்சு. பேய் பிடிச்ச மாதிரி எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. பெட்டியோட மூஞ்சி வேற கன்னங்கரேல்னு கெடக்கு. ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. இருட்டோட பேசிக்கிட்டு இருக்கான்யா இவன்!"

ஒடேரா எழுந்தேவிட்டான். "இப்ப என்ன சொல்றீங்க மச்சான்?"

வசோங்கா ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

"மதினி," என்றாள் அபொண்டி. அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "வெளிச்சம் இல்லன்னீங்களே. கொஞ்சங்கூட இல்லையா?"

"கரிச்சட்டி அடி மாதிரி இருந்துச்சுன்னு சொல்றேன்ல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"எனக்குக் கண்ணு நல்லா இருக்குடியம்மா."

அபொண்டி கை இரண்டையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

அந்தப் பெட்டியின் மேல்வரிசையில் சூரியன் படம் போட்ட பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் திரை வெளிச்சமாகிவிடும். அபொண்டிக்கு அதனால் ஒரு உபயோகமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கால்பந்து பார்க்க, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வசோங்காதான் அதை அழுத்துவான். "சூரியனக் கொளுத்துறேன்" என்று சொல்லிக்கொண்டே அழுத்துவான். கண்ணுள்ள எந்தத் திருடனும் முதலில் செய்கிற வேலை அதுதான். வெளிச்சம் போட்டு, கண்ணால் வாரிக்கொண்டு போய்விடுவான். மெதுவாக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பேசவைத்து, எதற்கு இத்தனை பாடு படுகிறான்?

கால்பந்து. கடைசியாக அவன் சூரியனைக் கொளுத்தியது எப்போது? மழை தொடங்கும் முன்பா? அதற்கும் முன்பா? எத்தனையோ ஞாயிறுகளாக அவன் அண்டைவீட்டு ரேடியோவில்தான் ஆட்டம் கேட்கிறான். ரேடியோவில் கேட்டால்தான் ருசி என்றான், அவளும் சிரித்தாள்.

வாத்தியார் ஐயாவிடம் போனில் சொன்னதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தது. மெதுவாக்குங்க. எழுத்தொலியத் திறங்க. வெட்கப்படாதீங்க. நடுவே நின்று நின்று கேட்ட ஸ்பேனர்.

வருடக்கணக்காக அவள் வெளிச்சமே இல்லாமல் வேலை செய்த பெட்டி. அதில் வெளிச்சம் இல்லை என்பது ஒரு சாட்சியாகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்.

"அண்ணே," என்றாள். "உக்காருங்க. தப்பு என்மேல."

"என்னது?"

"நான்தான் இவரப் பாக்கச் சொன்னேன். வாத்தியார் ஐயாவுக்கு எப்படி வைக்கணும்னு ஒரு தடவ வெச்சுப் பாக்கச் சொல்லியிருந்தேன். மறந்தே போனேன். வேலை ஜாஸ்தி, மண்டையில நிக்கல."

அச்சோலாவின் கையிலிருந்த கத்தி தாழ்ந்தது. ஒடேரா தங்கையை ஏற இறங்கப் பார்த்தான்.

"இதுக்கா என்னை இந்த மழையில வரவெச்ச?"

"ஆமாண்ணே."

"வார்த்தைய வித்துட்டாருன்னியே?"

"கோவத்துல சொன்னேன். மீன் வேகட்டும், சாப்ட்டுட்டுப் போங்க. மதினி கையில மீன் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமே."

ஒடேராவுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மீன் நன்றாக இருந்தது. முள்ளைத் துப்பித் துப்பி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். கிளம்பும்போது தங்கையை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய், "பயந்துக்கிட்டுச் சொல்றியா?" என்று கேட்டான். "இல்ல," என்றாள். "எதையோ மறைக்கிறியா?" என்றான். "ஆமா," என்றாள். "நாளைக்கு வேணும்னா போன் பண்ணுவேன். வண்டியில எண்ணெய் இருக்கட்டும்." ஒடேரா தலையைச் சொறிந்துகொண்டு வண்டியை உதைத்தான்.

அவள் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். வசோங்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எப்பத்திலிருந்து?" என்றாள்.

"என்ன எப்பத்திலிருந்து?"

"இன்னொரு பொய் சொன்னா, அண்ணனக் கூப்பிட்டு வண்டியத் திருப்பச் சொல்லிருவேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுகிற இரைச்சலில் அவன் பேசினது அவளுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். பிறகு அவளே என்னிடம் சொன்னதால்தான் எனக்கும் தெரியும்.

"போன வருஷத்திலிருந்து. ஓரமெல்லாம் போயிருச்சு. குழாய்க்குள்ளால பாக்குற மாதிரி. இப்ப அந்தக் குழாய்க்குள்ளயும் புகை. எழுத்து நிக்க மாட்டேங்குது."

"செவ்வாக்கிழமை?"

"கண்ணாஸ்பத்திரி. கண்ணுக்குள்ள அழுத்தமாம். சொட்டு மருந்து கொடுத்தாங்க. போனது வராதாம், இருக்குறதக் காப்பாத்தத்தானாம்."

"அந்தப் புட்டி."

"நீ பாத்தியா?"

"தடவினேன். எவளோ வசியத்துக்குக் கொடுத்ததுன்னு நெனச்சேன்."

அவன் சிரிக்க முயன்று நிறுத்திக்கொண்டான்.

"என்கிட்டச் சொல்ல என்ன? ஊர்ல வேற எவகிட்டயாவது போயிருந்தாலும் பரவாயில்ல, என்கிட்டச் சொல்ல என்ன கேடு?"

"உன்கிட்டச் சொன்னா நெசமாயிரும்ல." சட்டைப்பையைத் தடவிக்கொண்டே சொன்னான். "வீட்டுல ஒருத்தருக்குக் கண்ணு இல்லன்னா ஊரு ஐயோ பாவம்னு சொல்லும். ரெண்டு பேருக்கும் இல்லன்னா சிரிக்கும். பொண்டாட்டிகிட்டேயிருந்து ஒட்டிக்கிச்சும்பாங்க. எவன் எனக்கு எஞ்சின் கொடுப்பான்? இப்பவே விரலால பாத்துத்தான் செய்றேன். ஒக்வேனோ எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக்கு இடைவெளி தப்பா வெச்சுட்டேன். நடு ஏரியில ரெண்டு தடவ நின்னுருச்சு. துடுப்புப் போட்டு வந்தான். இந்த வாரம் பூரா அவனுக்கு மீனே இல்ல. வெளிய சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டுக் கரையில யாரையும் பாக்காமப் போறான்."

அபொண்டி மூச்சை இழுத்தாள். கூடையோடு நிற்கிற அலூவை ஒக்வேனோ தாண்டிப் போனது அதற்கா? அப்படியும் இருக்கலாம். வசோங்கா அதை ஜோடித்துச் சொல்லவும் செய்யலாம். ஒரு வருடம் முழுக்கக் கூடப் படுத்து எழுந்தவளிடம் மறைக்கத் தெரிந்தவனுக்கு இது எம்மாத்திரம்? பரிதாபத்தை நீட்டினால் பெண்டாட்டி பெட்டியை மறந்துவிடுவாள் என்று நினைத்திருக்கலாம்.

"கண்ணு போறது வேற," என்றாள். "பெட்டிக்குள்ள போனது வேற. அதுல என்ன கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல."

"ரெண்டு நாள் உக்காந்து ஒண்ணும் கேக்கலையா?"

"சத்தியமா. எனக்கு உள்ள போகவே தெரியல. நீ போன்ல சொன்னதுல மெதுவாக்குறதும் எழுத்தொலியும்தான் மனசுல நின்னுச்சு. அதுக்கு மேல எதத் தட்டினாலும் மணி சொல்லுது."

"மணியா?"

"ஆமா. மணிதான் சொல்லுது. நானும் சரின்னு கேட்டுக்கிட்டேன்."

அவள் பெட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். திறந்தாள். அவசரக்காரன் படபடத்தான். இன்செர்ட்டையும் கண்ட்ரோலையும் பிடித்துக்கொண்டு கீழ் அம்பைத் தட்டினாள். தட்டத் தட்ட, ஓடிக்கொண்டிருந்தவன் நடந்தான், நடந்தவன் நொண்டினான். கடைசியில் சர்ச்சில் பாடம் வாசிக்கிற கிழவரைப் போலாயிற்று. எழுத்தொலியைத் திறந்தாள்.

"அலூ சொன்னத எனக்கு எடுத்துக் கொடுங்க," என்றாள்.

"எனக்குத் தெரியாதுன்னு..."

"எடுங்க."

அவன் கையின் மேல் தன் கையை, படாமல் பட்டதுபோல வைத்துக்கொண்டாள். இதைத்தான் அவள் நம்பினாள். வாய் பொய் சொல்லும். விரல் ஒரு வழியில் ஒரே ஒருமுறை போய்வந்திருந்தாலும், இரண்டாம் முறை அந்தத் திருப்பத்தில் கொஞ்சம் முந்திக்கொள்ளும். எத்தனை பேருக்குப் பழக்கிவிட்டவள் அவள்.

அவன் விரல் பொத்தான்களின் மேல் ஊர்ந்தது. ஒன்றை அழுத்தினான். பெட்டி அதன் பேரைச் சொன்னது. தாவினான். அதன் பேரையும் சொன்னது. தவறிப்போய் எங்கோ நுழைந்தான், வெளியே வரத் தெரியவில்லை. விரல் வியர்த்தது. தொழிலாளியின் விரல், முனையெல்லாம் காய்ப்பு, எஞ்சினுக்குள் மயிரளவு தளர்ச்சியைக் கண்டுபிடிக்கிற விரல், சேற்றில் கால் வைத்தவன் மாதிரி ஒவ்வொன்றாக ஊன்றி ஊன்றிப் போனது. எந்தத் திருப்பத்திலும் முந்தவில்லை. கடைசியில் எதையோ இரண்டாகச் சேர்த்து அழுத்தினான்.

பெட்டி நிறுத்தி, நிதானமாக, மணியைச் சொன்னது.

"பாத்தியா," என்றான். "இதத்தான் சொல்லும்."

அபொண்டியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அவன் பயந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அழவும் செய்தாள், அது வேறு.

"உக்காந்து ரெண்டு நாளா மணி கேட்டீங்களா?"

"என் பேரையும் எழுதிப் பாத்தேன். ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுச்சு. நல்லா இருந்துச்சு. அழிச்சுட்டேன்."

"திங்கக்கிழமை கிசுமுக்காரிக்கு நானே போன் போடுவேன்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்க கை பட்டுச்சுன்னு சொல்லுவேன். பெட்டியக் கேட்டாலும் கொடுத்துருவேன். அதுக்கு முன்னால அலூகிட்டப் போறேன். அவகிட்ட மறைக்கமாட்டேன்."

"என் கண்ணப் பத்தியுமா?"

"எஞ்சின் ஏன் நின்னுச்சுன்னு அவளுக்குத் தெரியணும்ல. ஒக்வேனோவுக்கு நீங்களே சொல்லுங்க. அவன்கிட்ட அந்தப் பிளக்க மறுபடி கொண்டுவரச் சொல்லுங்க. இடைவெளிய அளக்குற தகடு இருக்கே, அதுல நான் நகத்தால தடம் வெச்சுத் தர்றேன். எது எதுன்னு விரலுக்குத் தெரிஞ்சாப் போதும்."

பெட்டியில் அவனுக்கென்று தனியாக ஒரு வாசல் வைத்தாள். அவனுடைய வேகம், அவனுடைய எழுத்தொலி, எழுதிப் பழக ஒரு வெற்றுப் பக்கம். தன்னுடைய வாசலுக்குப் பூட்டுச்சொல் போட்டாள். போடும்போது, "அந்தப் பக்கம் திரும்புங்க," என்றாள். "திரும்பினாலும் திரும்பாட்டியும் ஒண்ணுதான்," என்றான் அவன். "இருந்தாலும் திரும்புங்க," என்றாள்.

மழை விட்டது. அச்சோலா நனைந்த வலையை உதறி மறுபடி விரிக்கிற சத்தம் கேட்டது. வீட்டுக்குள் வசோங்கா ஒற்றை விரலால் கொத்த ஆரம்பித்திருந்தான். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அவசரமில்லாமல், வாசலைத் தாண்டி முற்றத்துக்கு வந்தது. அச்சோலா காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அலேகோ மகளே!" என்று அங்கிருந்தே கத்தினாள். "உன் அவசரக்காரனுக்கு என்னடி கேடு இன்னிக்கு? காய்ச்சலா? கிழவன் மாதிரி இழுக்குறான்?"

அபொண்டி வாயைத் திறந்தாள். சொல்வதற்கு அவளிடம் தயாராக ஒரு பொய் இருந்தது. ஆனால் அவன் விரல் நின்றது, நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. சுவரைத் தொட்டுக்கொண்டு அவன் வாசல்வரை போனான். மறைக்காமல் தொட்டுக்கொண்டு போனான்.

"அவனுக்கு ஒண்ணுமில்லக்கா," என்றான். "எனக்காக மெதுவாப் பேசுறான்."

முற்றத்தில் வலை உதறுகிற சத்தம் நின்றுவிட்டது.